மளிகைக் கடையும் வாடிக்கையாளரும்

திருவக்கரையில் முழுநிலா இரவுகளில் வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பெருங்கூட்டம் திரள்கிறது. ஆயினும் ஊர் மளிகைக் கடையை வாழவைப்போர், எஞ்சிய நாள்களில் மாலைக் கூலியோடு வரும் உழைப்பாளரே. அவர்தம் கைப்பணத்திற்கேற்ற சிறு அளவில் பொருள் கிடைக்கும் கடையையே அவர்கள் நாடுவர்.

அண்டையிலுள்ள கடலூரின் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து விற்ற நுட்பமும் இதுவே. 1983இல் தனித்தொழில் தொடங்கிய அவர்தம் மைந்தர் சி.கே. ரங்கநாதன், ஐந்து வெற்றுறைகள் கொணர்வோர்க்கு ஒரு சிக் ஷாம்பூ உறை இலவசம் என்றார். எந்நிறுவனத்தின் உறையாயினும் ஏற்றார். மக்கள் பழகிய பின்னரே சிக் உறை மட்டும் என வரையறுத்தார். வணிகத் தந்திரந்தான், எனினும் வியக்கிறோம்.

சிறு அளவில் விற்போர்க்குப் பொறுப்பு மிகுதி. மூட்டை வாங்குவோர்க்கு ஐந்து கிராம் குறைவு ஒரு பொருட்டன்று. நூறு கிராம் பருப்பு வாங்கும் ஏழைக்கோ அஃது இருபதில் ஒரு பங்கு. பட்டினப்பாலை புகார் வணிகரின் நேர்மையைப் போற்றுகிறது. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவில் மோசடி செய்வோரைக் குறிக்கும் பெயரையே தலைப்பாகக் கொண்டது. ஆதலின், வண்ண விளக்கு மாட்டுமுன் தராசை வாங்குவோர் கண்ணெதிரே வைத்தல் வேண்டும். கொசுறாக ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் சேருமாயின் நன்று.