குழாய்த் தண்ணி மணக்குதா? காய்ச்ச முதல் இதை வாசியுங்கள்

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் பலரும் கேட்பது இதுதான்: "குழாய்த் தண்ணியில ஏதோ மருந்து மணக்குது, குடிக்கலாமா?" ஊரில் கிணற்றுக்குக் குளோரின் போட்ட அடுத்த நாள் வருமே, அதே மணம் என்றால் பயப்படத் தேவையில்லை. கிருமி வராமல் இருக்க இங்கேயும் குளோரின்தான் கலக்கிறார்கள். ஜக்கில் பிடித்து, மூடி, ஃபிரிட்ஜில் சில மணி நேரம் வைத்தால் மணம் குறைந்துவிடும். 24 மணி நேரத்துக்குள் குடித்து முடியுங்கள்.

முதலில் எந்தக் குழாயில் பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள். குசினியின் குளிர்தண்ணிக் குழாய்தான் வழக்கமாக றோட்டுப் பைப்பிலிருந்து நேராக வருவது. பழைய வீடுகளில் பாத்ரூம் குழாய்க்குக் கூரைக்குள் இருக்கும் தாங்கியிலிருந்து தண்ணி வரலாம். மேல்மாடி அறையில் இருப்பவர்கள் கீழே இறங்கப் பஞ்சிப்பட்டு அதில் போத்தல் நிரப்புவதுண்டு. வேண்டாம். சுடுதண்ணிக் குழாயில் பிடித்துச் சமைக்கவும் வேண்டாம்.

கான் நாற்றம் என்றால் ஒரு கிளாசில் பிடித்து அடுத்த அறைக்குக் கொண்டுபோய் மணந்து பாருங்கள். அங்கே மணக்காவிட்டால் பிழை தண்ணியில் இல்லை, சிங்க் ஓட்டையில்.

தேத்தண்ணி டெற்றோல் மாதிரி இருந்தால், வோஷிங் மெசினின் றப்பர்க் குழாயோடு குளோரின் சேர்வது காரணமாக இருக்கலாம். மெசினுக்குப் போகிற வால்வைப் பூட்டி, குழாயைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, திரும்பக் கொதிக்க வையுங்கள். அப்போது சரியென்றால் அந்தக் குழாயை மாற்றவேண்டும்.

பெற்றோல், டீசல், பெயின்ற் மணம் வேறு விஷயம். குடிக்காதீர்கள், சமைக்காதீர்கள். காய்ச்சினாலும் சரிவராது. உடனே தண்ணிக் கம்பனிக்கு அடியுங்கள்.

மணமே இல்லாத ஆபத்தும் ஒன்று உண்டு: ஈயம். 1970க்கு முதல் கட்டிய வீடுகளில் ஈயப் பைப் இருக்கலாம். மங்கலான சாம்பல் நிறப் பைப்பை நாணயத்தால் சுரண்டினால் வெள்ளிபோல மினுங்கும். காய்ச்சுவதால் ஈயம் போகாது, தண்ணி வற்ற வற்ற அதன் செறிவு கூடும். குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்களும் கர்ப்பிணிகளும் இதைக் கட்டாயம் கவனியுங்கள். பைப் மாற்றும்வரை காலையில் ஒரு பேசின் நிறையத் தண்ணியை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். அந்த முதல் தண்ணியைப் பூக்கண்டுக்கு ஊற்றலாம்.

பக்கத்து வீட்டிலும் அதே மணம் என்றால் கம்பனியின் பொறுப்பு. உங்கள் வீட்டில் மட்டும் என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சொல்லி, பிரதி வைத்திருங்கள். உள்துறை அமைச்சு தந்த தங்குமிடம் என்றால், அங்கே தந்த உதவி இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

"முறைப்பாடு செய்தால் கேஸுக்குப் பிரச்சினையா?" என்று கேட்காத ஆள் இல்லை. இல்லை. தண்ணிக் கம்பனி உங்கள் விசாவைக் கேட்பதில்லை. பில் கட்டவில்லை என்று வீட்டுத் தண்ணியை வெட்டவும் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிறகு அவர்களுக்கு உரிமையில்லை. ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ் இன்ரபிறிற்றர் பிளீஸ்" என்று மட்டும் சொல்லுங்கள். பல கம்பனிகள் போனிலேயே ஆளை எடுத்துத் தரும்.