மூன்றாவது துறைக்கு மாறுவதற்கு முன்

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அது வருவதற்கு முன்பே உன் அப்பா போனில் புலம்பித் தீர்த்துவிட்டார். மெக்கானிக்கல் படித்து, கோயம்புத்தூரில் பம்ப் கம்பெனியில் சேர்ந்து, அதையும் விட்டுச் சென்னையில் சாஃப்ட்வேர் சப்போர்ட்டுக்குப் போய், இப்போது இருபத்தெட்டு வயதில் செயற்கைக் கால் செய்யும் படிப்பில் சேரப்போகிறேன் என்றால் பெற்றவருக்கு வயிறு கலங்காமல் இருக்குமா? அவர்மேல் கோபப்படாதே.

ஆனால், 'இத்தனை வருஷமும் வீணாப் போச்சு' என்று அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. நீயும் அதையே எழுதியிருக்கிறாய். அதுதான் எனக்கு வருத்தம்.

விபத்தில் காலை இழந்த நண்பனைக் கே.கே. நகர் புனர்வாழ்வு மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோதுதான் இந்த வேலையைப் பார்த்ததாகச் சொல்கிறாய். ஜெய்ப்பூர் கால் என்ற பெயர் உன் காதில் விழுந்திருக்கும். 1960களின் கடைசியில் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் அதை உருவாக்கியவர்களில் ஒருவர் டாக்டர் பி.கே. சேத்தி. பொது அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தவர். எலும்பு சிகிச்சைப் பிரிவு தொடங்க வேண்டிய கட்டாயம் வந்தபோது அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது. இன்னொருவர் ராம்சந்திர சர்மா. சிற்பவேலை தெரிந்தவர், பெரிய படிப்பு கிடையாது. நோயாளிகளுக்குக் கைத்தொழில் சொல்லிக்கொடுக்க மருத்துவமனைக்கு வந்தவர்.

அன்று கிடைத்த வெளிநாட்டு மாதிரிக் கால்களை ஷூவுக்குள் வைத்துத்தான் நடக்க முடியும். நம் ஜனங்கள் சம்மணம் போட்டுச் சாப்பிட வேண்டும், குந்தி உட்கார வேண்டும், வெறுங்காலோடு வயல் சேற்றில் இறங்க வேண்டும். கணுக்கால் எப்படி மடங்கும் என்பது டாக்டருக்குத் தெரியும். அச்சு எடுத்து வார்ப்பது சர்மாவுக்குத் தெரியும். லாரி டயர் வல்கனைசிங் செய்யும் கடையைப் பார்த்துத்தான் ரப்பரில் பாதம் செய்யும் யோசனை அவருக்கு வந்தது என்பார்கள். 1981இல் திருச்சி அருகே நடந்த விபத்தில் காலை இழந்த நடனக் கலைஞர் சுதா சந்திரன், அந்தக் கால் பொருத்திக்கொண்டு 1984இல் மீண்டும் மேடையேறி ஆடினார்.

டாக்டரும் சர்மாவும் பழைய வேலையை உதறிவிட்டு வரவில்லை, கையோடு கொண்டுவந்தார்கள். நீ என்ன கொண்டுபோகிறாய் என்று யோசித்துப் பார்.

பிசியோதெரபிஸ்டாக வேலை பார்த்த காலமெல்லாம் லிம்ப் சென்டருக்குப் பக்கத்திலேயே இருந்தவள் நான். வெட்டுப்பட்ட காலின் முனையில் ஈர பிளாஸ்டரைச் சுற்றி அச்சு எடுப்பார்கள். அதில் வார்த்த உருவத்தை அரத்தால் ராவி ராவித் திருத்துவார்கள். முட்டிச் சிப்பிக்குக் கீழே உள்ள தசைநாரில் எடையை ஏற்றலாம். வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பில் சாக்கெட் லேசாக அழுத்தினாலும் புண்ணாகிவிடும். டூல் ரூமில் அரம் பிடித்து மைக்ரோமீட்டரில் அளவு பார்த்த கை உனக்கு இருக்கிறது. கால் போட்டுக்கொண்டவர் 'குத்துது சார்' என்று மட்டும்தான் சொல்வார். எங்கே, எப்போது, ஏறும்போதா இறங்கும்போதா என்று பொறுமையாகக் கேட்டுத்தான் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ராத்திரி ஷிஃப்டில் எரிச்சலோடு பேசுபவர்களிடம் பழுதை விசாரித்துக் கண்டுபிடித்தாயே, அந்தப் பழக்கம் இங்கே சோறு போடும். இதையெல்லாம் வீண் என்று இனி எழுதாதே.

மாறுவதற்கு விலை உண்டு, அதையும் தெரிந்துகொள். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய கையோடு உயிரியல் படிக்கப் போனார். ஏற்கெனவே முனைவர் என்று காரணம் சொல்லிச் சில இடங்களில் சேர்க்கவில்லை. சான் டியாகோவில் இடம் கிடைத்து, குடும்பத்தோடு போய் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். பின்னால் சுமார் 50 பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தும் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. ரைபோசோம் ஆராய்ச்சிக்காக வேதியியல் நோபல் வந்தது 2009இல். அந்தப் பரிசை உனக்குக் காட்டவில்லை. நடுவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருக்கிறது, அதைப் பார்.

உன் படிப்பு, பயிற்சியோடு சேர்த்து நாலரை வருஷம். வயது வரம்பு உண்டா, உன் பிளஸ் டூ பாடங்கள் போதுமா என்று நேரில் போய்க் கேள். லீவு நாட்களில் அனுமதி வாங்கிக்கொண்டு ஏதாவது ஒரு பட்டறையில் போய் நில். நண்பனின் கண்ணீரைப் பார்த்து மனசு இளகுவது வேறு, நாள் முழுக்க பிளாஸ்டர் தூசியில் நின்று, பொருந்தாமல் திரும்பி வந்த காலைச் சலிக்காமல் மறுபடி ராவுவது வேறு. இரண்டாவதும் உனக்குப் பிடித்திருந்தால் நான் உன் பக்கம்.

அதுவரை ராஜினாமாக் கடிதம் கொடுக்காதே. உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் அவர் முதலில் கேட்கப்போவது பணத்தைப் பற்றித்தான். சேமிப்பு எவ்வளவு, பைக் கடன் எப்போது முடியும், நாலரை வருஷம் எப்படி ஓட்டப்போகிறாய் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு தீபாவளிக்கு ஊருக்கு வா.

அன்புடன்,
அத்தை