மாத்திரைக்குப் பின் தோல் உரிந்தால்... உடம்புக்குள் நடப்பது என்ன?



மாத்திரை சேராமல் உடம்பில் தடிப்பு வருவது நமக்குப் புதிதல்ல. இரண்டு நாள் அரிக்கும், மருந்தை நிறுத்தினால் அடங்கிவிடும். ஆனால் பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஒரு சிலருக்கு வருகிற இன்னொரு வகை உண்டு. அதில் தோல், வெந்த உருளைக்கிழங்குத் தோல் போலக் கையோடு கழன்று வரும். வாய், கண், பிறப்புறுப்பு எல்லாம் புண்ணாகிவிடும். 1922-ல் அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு டாக்டர்கள் இரண்டு சிறுவர்களிடம் இதைப் பார்த்து எழுதினார்கள். அதனால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் என்று பெயர். ஆஸ்பத்திரிச் சீட்டில் எஸ்.ஜே.எஸ். என்று எழுதுவார்கள். இதுவே ரொம்ப முற்றினால் டி.இ.என்.

நோயாளியின் விரல்களோடு சேர்ந்த ஒரு உள்ளங்கை அளவு, அவர் உடம்புத் தோலில் சுமார் 1 சதவீதம். பத்து உள்ளங்கைக்குள் உரிந்தால் எஸ்.ஜே.எஸ்., முப்பதுக்கு மேல் போனால் டி.இ.என். முதல் வகையில் நூற்றில் பத்துப் பேர் வரை இறக்கலாம். இரண்டாவதில் பத்துக்கு மூன்று பேர் பிழைப்பதில்லை.

"மாத்திரை சூடு, அதான் தோலை எரிச்சிருச்சு" என்று சொல்வார்கள். மாத்திரை எரிப்பதில்லை. தோலைக் கொல்வது நம்முடைய சொந்தக் காவல்காரர்கள்.

ரத்தத்தில் உள்ள வெள்ளையணுக்களில் கொல்லும் டி செல் என்று ஒரு பிரிவு இருக்கிறது. கிருமி புகுந்துவிட்ட செல்லைத் தேடிச் சாகடிப்பது அதன் வேலை. எப்படி அடையாளம் தெரியும்? நம் உடம்பில் கிட்டத்தட்ட எல்லா செல்லும், உள்ளே இருப்பதில் ஒரு சின்னத் துணுக்கை எடுத்து வெளியே ஒரு தட்டில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும். கூட்டத்தில் நாம் பாஸ்புக்கை நீட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். கணக்கு சரியாக இருந்தால் காவல் செல் கடந்து போய்விடும். அந்தத் தட்டுக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். தாய் தகப்பனிடமிருந்து வருவது, ஆளுக்கு ஆள் வடிவம் மாறும்.

சிலருடைய தட்டின் வடிவத்தில் சில மருந்துகள் போய் ஒட்டிக்கொள்கின்றன. உடனே காவல் செல் "இது நம்ம ஆளு இல்லை" என்று தோலின் மேல் பாய்கிறது. 2004-ல் தைவான் நாட்டில், கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரையால் இந்த நோய் வந்த 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேருக்கும் ஒரே வகைத் தட்டு! இந்தியாவில் 2009-ல் வெளியான சின்ன ஆய்வில் 8 பேரில் 6 பேருக்கு அதே வகை இருந்தது. அதனால்தான் ஒரே மாத்திரை அக்காவுக்கு ஒன்றும் செய்யாமல் தங்கையைப் படுக்க வைக்கிறது.

கொல்வது எப்படி? காவல் செல், பெர்ஃபோரின் என்ற பொருளால் தோல் செல்லில் ஓட்டை போடும். அந்த ஓட்டை வழியாக கிரான்சைம் உள்ளே போய் "நீயே செத்துப் போ" என்று உத்தரவு போடும். இதெல்லாம் பக்கத்தில் ஒட்டி நின்று செய்கிற வேலை. ஆனால் டாக்டர்களுக்கு ஒரு குழப்பம் இருந்தது. தோலில் காவல் செல்கள் கொஞ்சம்தான் தெரிகின்றன, செத்த தோல் செல்களோ ஏராளம். 2008-ல் தைவான் ஆராய்ச்சியாளர்கள் கொப்புளத்து நீரைச் சோதித்தபோது விடை கிடைத்தது. கிரானுலைசின் என்ற பொருள் மற்றவற்றைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்தது. அதை எலியின் தோலில் ஏற்றினால் அங்கேயும் அதே மாதிரி தோல் செத்தது. ஒட்டி நிற்காமலே இது கொல்லும். களைக்கொல்லி அடிக்கும்போது காற்றில் பறந்து பக்கத்து வயலையும் கருக்குமே, அது போலத்தான்.

மேல்தோலின் அடி வரிசை செல்கள் செத்ததும் பிடிமானம் போய்த் தோல் கழல்கிறது. தீப்புண் பட்டவர் போல உடம்பு நீர் வடிந்துவிடும், கிருமி புகும். தீக்காயம் போலவே வைத்தியமும் பார்க்கிறார்கள். பிழைத்தாலும் பார்வை போகலாம் என்பதால் கண் டாக்டரும் வேண்டும்.

எங்கள் பகுதியில் ஒரு குழு உறுப்பினரின் மருமகள். வலிப்பு இருப்பதைச் சொல்லாமல் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாத்திரையை அரிசிப் பானையில் ஒளித்து வைத்துச் சாப்பிட்டிருக்கிறாள். மூன்றாவது வாரம் காய்ச்சல், கண் சிவப்பு, உதடெல்லாம் புண். "அம்மை போட்டிருக்கு, ஆஸ்பத்திரி கூடாது" என்று வேப்பிலையில் படுக்க வைத்தார்கள். நான்கு நாள் போனது. அதுவரை அந்த மாத்திரையையும் அவள் விடவில்லை! முதுகுத் தோல் பாயோடு ஒட்டி வந்த பிறகுதான் ஆம்புலன்ஸ். பிழைத்துவிட்டாள், வலது கண் மங்கல். வலிப்பை மறைத்த வெட்கத்துக்குக் கொடுத்த விலை அது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அவளை மட்டும் குறை சொல்ல முடியுமா?

பொதுவாக மருந்து ஆரம்பித்த 4 நாள் முதல் 4 வாரத்துக்குள் இது தொடங்கும். வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடாய்ன், ஃபீனோபார்பிடோன், லாமோட்ரிஜின், யூரிக் ஆசிட் மூட்டுவலிக்குத் தரும் அலோபியூரினால், கோட்ரைமாக்சசோல் என்ற சல்ஃபா மாத்திரை, சில வலி மாத்திரைகள் இதில் முக்கியமானவை. இவை நல்ல மருந்துகள்தான், பயந்து வலிப்பு மாத்திரையை விட்டுவிடாதீர்கள். புது மாத்திரை ஆரம்பித்தவருக்குக் காய்ச்சலோடு வாய்ப்புண், கண் எரிச்சல், தொட்டாலே வலிக்கிற சிவந்த தோல் வந்தால், அடுத்த வேளை மாத்திரை போடும் முன்பே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். முடிந்தால் 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள். மருந்தை எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறோமோ அவ்வளவு நல்லது. வலிப்புக்கு வேறு வகை மருந்து அங்கேயே கொடுப்பார்கள். கொப்புளத்தை உடைப்பது, மஞ்சள் பூசுவது வேண்டவே வேண்டாம்.

வைத்தியமும் முன்னேறி வருகிறது. 2024-ல் வெளியான ஆய்வில், காவல் செல்களுக்குப் போகும் உத்தரவைத் தடுக்கும் ஜாக் தடுப்பு மருந்தைச் சீனாவில் 7 பேருக்குக் கொடுத்தார்கள். ஏழு பேரும் பிழைத்தார்கள். ஆனாலும் இன்னும் நிறையப் பேரிடம் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் யாருக்காவது புது மாத்திரை ஆரம்பித்தால் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போடுங்கள். காலி அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒருமுறை இப்படி வந்தவர் அந்த மருந்தை ஆயுளுக்கும் தொடக் கூடாது. அதன் பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கி ரேஷன் கார்டு உறையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.