நாடகம் சட்டம் ஆகுமா?

கேள்வி: வீதி நாடகம் போட்டால் கைதட்டல் கிடைக்கும். சட்டம் மாறுமா?

பதில்: மாறியிருக்கிறது. பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் 1992-இல் ரியோ டி ஜெனிரோ நகரமன்றத்துக்குத் தேர்வானார். பதவி வந்ததும் மேடையை மறக்கவில்லை. தன் நாடகக் குழுவையே அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டார்! குடிசைப்பகுதிகளில் மக்கள் தங்கள் சிக்கலை நடித்துக் காட்டுவார்கள். பார்வையாளர் எவரும் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழியை நடித்துப் பார்க்கலாம். வாய்ச்சொல் வீரர்களுக்கு அங்கே வேலையில்லை. எப்படி நடித்தாலும் முட்டுச்சந்துதான் என்றால், சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். அந்த ஓட்டையை அடைக்க மக்கள் சொன்ன யோசனைகளைச் சட்டம் தெரிந்தவர்கள் மசோதாவாக்கினார்கள். முதியோர் மருத்துவம் உட்பட 13 சட்டங்கள் நிறைவேறின. ஒற்றை உறுப்பினருக்கு நான்கே ஆண்டுகளில் இது பெரிய அறுவடை. ஆனாலும் 1996 தேர்தலில் தோற்றுப்போனார்.