துனிஸ் நகரத்துச் சிவப்புத் தொப்பி: வணிகர்க்கு ஒரு பாடம்

வாங்குபவரின் பழக்கம் மாறினால் சரக்கு என்ன ஆகும்? வட ஆப்பிரிக்காவில் துனிசியா நாட்டின் தலைநகரான துனிஸ் நகரத்து உடைகளை வைத்து இதைப் பார்ப்போம்.

அந்நகர ஆண்களின் பழைய உடை 'ஜெப்பா' என்னும் தளர்ந்த நீள அங்கி. தலையில் 'ஷெஷியா' என்னும் சிவப்புக் கம்பளித் தொப்பி. பெண்கள் வெளியே செல்லும்போது தலை முதல் கால் வரை போர்த்திக்கொள்ளும் வெளிர்நிற ஒற்றைத் துணி 'செஃப்சாரி'. திருமணத்திற்குச் சரிகை வேலைப்பாடுள்ள உடைகள் தனி.

இவற்றில் பெரிய வியாபாரம் கண்டது தொப்பிதான். 1609 முதல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் கைவினைஞர்கள் இத்தொழிலை அங்கே வளர்த்தார்கள். அரியானா ஊர்ப் பெண்கள் வெள்ளைக் கம்பளியில் பெரிதாகப் பின்னுவார்கள். எல் பத்தான் ஊரில் அதை நீரில் அடித்துச் சுருக்கிக் கெட்டியாக்குவார்கள். முட்செடியின் காய்ந்த பூத்தலையால் சீவி, ஸக்வான் ஊரில் சாயமேற்றி, துனிஸ் தொப்பிக் கடைத்தெருவில் உருக்கொடுத்து விற்பார்கள். சங்கத் தலைவரான 'அமீன்' தரத்தையும் தகராறுகளையும் கவனிப்பார்.

இவ்வளவு கட்டுக்கோப்பான தொழிலுக்கும் மூன்று அடிகள் விழுந்தன.

1. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய ஆலைத் தொப்பிகள் மலிவாக வந்து இறங்கின.

2. 1925-இல் துருக்கி அரசு சட்டம் போட்டு இவ்வகைத் தொப்பியையே விலக்கியது.

3. 1956-இல் துனிசியா விடுதலை பெற்ற பின் மேனாட்டு உடை பெருகியது. செஃப்சாரியும் பெரும்பாலும் முதியவர்களோடு நின்றது.

தொழில் அடியோடு அழிந்துவிடவில்லை. பெருநாளுக்கும் திருமணத்துக்கும் ஜெப்பாவும் ஷெஷியாவும் இன்றும் வேண்டும். லிபியாவிலும் வாங்குவோர் உண்டு. இளம்பெண்களுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் பல நிறங்களில் செய்யத் தொடங்கினார்கள். ஆனால் கடைகள் பெரிதும் குறைந்துவிட்டன.

இது நாமும் பட்ட பாடுதான். 1980-களில் சீயக்காய் மூட்டைகளை நம்பி அடுக்கி வைத்திருந்தோம். ஷாம்பு சின்னப் பாக்கெட்டில் வந்தது. "கொஞ்ச நாள் மோகம்" என்று இருந்துவிட்டோம்; சரக்கு வண்டு விழுந்து நஷ்டமானது. ஆனாலும் தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய் கேட்டு இன்றும் ஆள் வருகிறார்கள். அந்த அளவுக்கு மட்டும் நல்ல சரக்காக வாங்கி வைக்கிறோம்.

ஆகவே, எந்தச் சரக்கு அன்றாடத்திலிருந்து பண்டிகைக்கு நகர்கிறது என்பதைக் கணக்குப் புத்தகத்தில் மாதந்தோறும் பாருங்கள். நகர்ந்தால் அளவைக் குறையுங்கள், தரத்தைக் குறைக்காதீர்கள்.