மார்கழியில் சென்னைக்குப் போகிறவளுக்கு

சங்கரன்கோவில்

அன்பு மருமகளே,

அரைப் பரீட்சை லீவுக்குப் பொதிகையில் சென்னைக்குப் போகிறாய் என்று அக்கா சொன்னாள். கடற்கரை, மால் எல்லாம் நன்றாகச் சுற்றிப் பார். ஒரு பகலை மட்டும் மார்கழிக் கச்சேரிகள் நடக்கும் மியூசிக் அகாடமிக்கு ஒதுக்கி வை.

டி.டி.கே. சாலையில் இருக்கிறது. 1927 காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டில் எழுந்த யோசனை, மறு வருஷமே சபையாக உருவெடுத்தது. இப்போதுள்ள அரங்குக்கு நேரு 1955-இல் அடிக்கல் நாட்டினார், திறந்தது 1962-இல்.

பணத்துக்கு யோசிக்காதே. சாயங்காலக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். காலையில் நடக்கும் விளக்க உரைகளையும் மதியக் கச்சேரிகளையும் இலவசமாகவே கேட்கலாம். மதியம் பாடுகிறவர்கள் பெரும்பாலும் இளையவர்கள். பேர் வாங்கும் வேகம் அவர்கள் பாட்டில் இருக்கும். நீ முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.

பட்டுப்புடவைக் கூட்டத்தைப் பார்த்து, நமக்கு இங்கே என்ன வேலை என்று வாசலில் தயங்கி நிற்காதே. இந்தச் சங்கீதம் நமக்கும் சொந்தம். முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் காலமானது நம் பக்கத்து எட்டயபுரத்தில். அவருடைய கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு தொகுத்து, சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை 1904-இல் வெளியிட்டதும் அங்கிருந்துதான். வித்வான்கள் இன்றும் சந்தேகம் வந்தால் புரட்டுகிற புத்தகம் அது. ஆடித்தபசுக்கு நாகசுரம் கேட்டு வளர்ந்தவள் நீ. அந்தக் காது போதும்.

போனை அணைத்துவிடு. பாட்டு நடக்கும்போது உள்ளே போகாதே. முடிந்து கை தட்டும்போது போய் உட்கார்.

முக்கியமானதைச் சொல்கிறேன். பெரிய உருப்படியில் தன் பங்கைப் பாடி முடித்ததும் பாடகர் மேடையைத் தாளக்காரர்களுக்கு விட்டுவிடுவார். இதுதான் தனி ஆவர்த்தனம். மிருதங்கமும் கடமும் மாறி மாறிப் பேசும். ஆளுக்கு நீளமாக வாசித்தது போகப்போகச் சுருங்கும். அதற்குக் குறைப்பு என்று பேர். பிறகு இருவரும் சேர்ந்து முடிவு வருவதைச் சொல்லும் மோராவுக்கு வந்து, கோர்வை என்ற முடிப்புச் சொற்கட்டை மூன்று தடவை வாசித்து, பாட்டு தொடங்கும் இடமான எடுப்பில் கொண்டுவந்து சேர்ப்பார்கள். அந்த இடத்தைப் பிடிக்க நீயும் மடியில் தாளம் போடு. ஆதி தாளம் என்றால் எட்டு எண்ணிக்கை: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், அப்புறம் தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. நடுவில் தவறினால் பாடகர் கையைப் பார்த்துப் பிடித்துக்கொள். கணக்கு பிடிக்கும் என்பாயே, இவ்வளவு அழகான கணக்கை நீ பள்ளிக்கூடத்தில் பார்த்திருக்க மாட்டாய்.

அந்த நேரத்தில் பலர் கேண்டீனுக்கு எழுந்து போவார்கள். வருஷக்கணக்காக உழைத்த ஒருவர் தன் வித்தையைக் காட்டும்போது முதுகைக் காட்டுவது மரியாதையே இல்லை. கேண்டீன் காபியும் டிபனும் நன்றாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. கச்சேரி முடிந்ததும் சாப்பிடு. தனி முடியும்வரை மட்டும் எழுந்திருக்காதே, தாயே.

அன்புடன்,
உன் மாமா