கயிற்றின் மறுமுனை

கலிபோர்னியாவில் கோடை வந்தால் ஷாஸ்டா, தாஹோ ஏரிகளில் வாடகைப் படகுகளுக்குக் கிராக்கி. வேலைக்காக அங்கே குடியேறிய நம்மவர்களும் பிள்ளைகளைக் காற்றடைத்த டியூபில் ஏற்றிப் படகால் இழுத்து மகிழ்கிறார்கள். கூடவே சில நம்பிக்கைகளும் படகேறிவிடுகின்றன.

நம்பிக்கை: ஓட்டுபவர் அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொண்டால் போதும்.

உண்மை: அவர் திரும்பும் நேரத்தில் முன்னால் பார்ப்பது யார்? அதனால்தான் கலிபோர்னியச் சட்டம், இழுக்கப்படுபவரையே கவனித்துக்கொண்டிருக்க, 12 வயதாவது நிரம்பிய இன்னொருவர் படகில் இருக்க வேண்டும் என்கிறது. ஆள் விழுந்தால் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறக் கொடியை உயர்த்த வேண்டும். ஃபுளோரிடாவில் ஆளுக்குப் பதில் பின்பக்கம் காட்டும் அகலமான கண்ணாடி இருந்தாலும் சட்டம் ஏற்கும். எனக்கு இது சமாதானமாக இல்லை. கண்ணாடி கொடி தூக்காதே! அலைக்கு நடுவே தலை மட்டும் தெரியும் மனிதர் பக்கத்துப் படகுக்காரர் கண்ணில் படுவது அரிது.

நம்பிக்கை: வாட்டர் ஸ்கீயிங்தான் ஆபத்து, டியூபில் சும்மா படுத்திருந்தால் போதும்.

உண்மை: ஸ்கீயில் நிற்பவர் கொஞ்சமாவது திசை மாற்றிக்கொள்வார். டியூபில் இருப்பவருக்கு அது முடியாது. படகு வேகமாக வளையும்போது டியூப் வெளிப்புறமாக வீசப்பட்டு, படகைவிட வேகமாகப் பாயும். கரையோ பாறையோ இன்னொரு படகோ எதிரில் இருந்தால் அவ்வளவுதான். ஓட்டுபவர் வளைவதற்கு முன் பார்க்க வேண்டியது டியூப் போகப்போகும் பாதையை.

நம்பிக்கை: ஓட்டுபவர் குடிக்காவிட்டால் சரி.

உண்மை: கலிபோர்னியாவில் போதையில் வாட்டர் ஸ்கீ செய்வதும் குற்றம்.

நம்பிக்கை: நீச்சல் தெரியும், லைஃப் ஜாக்கெட் எதற்கு?

உண்மை: வேகத்தில் தண்ணீரில் மோதி மயங்கினால் நீச்சல் உதவாது. 2023-இல் அமெரிக்காவில் உல்லாசப் படகு விபத்துகளில் 564 பேர் இறந்தார்கள். காரணம் தெரிந்த மரணங்களில் முக்கால்வாசி நீரில் மூழ்கியவை. அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் ஜாக்கெட் போடாதவர்கள். காற்றால் உப்பும் வகை ஜாக்கெட் இந்த விளையாட்டுக்கு ஆகாது. நுரை அடைத்ததுதான் வேண்டும்.

நம்பிக்கை: திறந்தவெளியில் புகை என்ன செய்யும்?

உண்மை: இதுதான் எல்லாவற்றிலும் மோசமான நம்பிக்கை. படகின் பின்புறம் நீரில் இறங்கி ஏற ஒரு தட்டு இருக்கும். பல படகுகளில் எஞ்சின் புகை வெளியேறுவது அதற்குப் பக்கத்தில்தான். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. படகு மெதுவாக நகரும்போது புகை பின்னாலேயே தங்கும். அந்தத் தட்டைப் பிடித்துத் தொங்கியபடி அலையில் சறுக்குவது ஒரு காலத்தில் பிரபலமான விளையாட்டு. அந்த வாயுவைச் சுவாசித்து மயங்கி, பிடி தளர்ந்து விழுபவர் மூழ்கிச் செத்ததாகவே வெளியே தெரியும்; மயக்கம் வந்த காரணத்தை யாரும் தேட மாட்டார்கள். 2000-இல் அமெரிக்காவின் பவல் ஏரியில் படகு வீடுகளின் பின்தட்டுக்கு அடியில் இந்த வாயு சேர்ந்து உயிர் பறித்த பிறகுதான் அரசு ஆய்வாளர்கள் பரவலாக அளந்து பார்த்தார்கள். 2005 முதல் கலிபோர்னியாவில் தட்டைப் பிடித்துச் சறுக்குவதற்குத் தடை. படகு நின்றிருந்தாலும், எஞ்சினும் ஜெனரேட்டரும் ஓடும்வரை பிள்ளைகளை அந்தத் தட்டில் உட்காரவிடாதீர்கள்.